கணக்கில் ஏறாத ஐஸ்

சென்னை காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் பல வருடங்கள் கணக்கு எழுதினேன். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வேலை பார்த்தவர்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்குத்தான் பொழுது விடியும். விசைப்படகுகள் கரை சேரும், ஏலம் தொடங்கும், கூடைகளும் மூன்று சக்கர வண்டிகளும் முட்டி மோதும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் இரண்டு மடங்கு. ஐஸ் பார் ஒன்று 50 கிலோ. அதைச் சறுக்கலில் தள்ளி, கிரஷரில் போட்டு உடைத்து, படகில் ஏற்றுகிற ஆட்கள் எங்களிடம் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

என்னிடம் பெரிய பேரேடு ஒன்று இருந்தது. கடலுக்குப் போகும் படகு ஐஸைக் கடனாக ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வந்து மீன் ஏலம் போனபிறகு பணம் தரும். அதனால் படகின் பெயர், எத்தனை பார், எவ்வளவு பாக்கி என்று வரி வரியாக எழுத வேண்டும். மீன் விற்கும் பெண்கள் அப்படியில்லை. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று கையில் காசு கொடுத்து உடைத்த ஐஸை அன்னக்கூடையில் வாங்கிப் போவார்கள். அந்தக் காசையெல்லாம் கல்லாவில் போட்டு, கடை மூடும்போது 'சில்லறை விற்பனை' என்று ஒரே வரியாக எழுதிவிடுவேன். பெயர் எழுத வேண்டிய அவசியமே வந்ததில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆறரை வாக்கில் நாற்காலி லேசாக அசைந்தது. ஐஸ் உறைய வைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் ஒருமுறை அலம்பி அடங்கியது. ஏதோ கனத்த லாரி போயிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சுமத்ரா பக்கம் கடலடியில் 9.1 அளவில் பூமி நடுங்கியிருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? அது நடந்து இரண்டரை மணி நேரம் நாங்கள் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றும் என்னை உறுத்துவது அந்த இரண்டரை மணி நேரம்தான். அப்போது இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் கிடையாது.

ஏழு மணிக்கு வழக்கமாக வரும் அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர். என்னை "கணக்குப்பிள்ள" என்றுதான் கூப்பிடுவார். ஐந்து ரூபாய் கொடுத்து ஐஸ் வாங்கினார். "நேத்து பண்டிகை, இன்னைக்கு நல்லா ஓடும்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது மணி இருக்கும். துறைமுகப் பக்கமிருந்து பெரிய இரைச்சல். மரம் முறிகிற மாதிரி, தகரம் கிழிகிற மாதிரி, இடைவெளியே இல்லாமல் ஒரு சத்தம். அப்புறம் ஜனங்கள் ஓடி வந்தார்கள். "கடலு உள்ள வந்துடுச்சு" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். சுனாமி என்ற சொல்லை அன்று எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. ஆழிப்பேரலை என்று மறுநாள் பேப்பரில்தான் படித்தோம். பள்ளிக்கூடத்தில் கடல்கோள் என்று ஒரு சொல் படித்திருந்தேன். குமரிக்கண்டத்தோடு முடிந்துபோன சங்கதி என்று நினைத்திருந்த சொல் அது.

போய்ப் பார்த்தபோது விசைப்படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சில படகுகள் தரையில் சாய்ந்திருந்தன. என் பேரேட்டில் வருடக்கணக்காக நான் எழுதிவந்த பெயர்கள் அந்தப் பலகைகளில்தான் இருந்தன. பெயரின் பாதி இங்கே கிடந்தது, மீதியைக் காணவில்லை. மத்தியானம் கடலிலிருந்து திரும்பிய ஒரு டிரைவர், "ஆழத்துல எங்களுக்கு ஒண்ணுமே தெரியலண்ணே. கரைக்கு வந்து பார்த்தா கரையக் காணோம்" என்றார். ஆழ்கடலில் அந்த அலை விமான வேகத்தில் போனாலும் உயரமே இருக்காது என்று பிறகு படித்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மைதான்.

அன்று சாயங்காலம் ஒரு பையன் வந்து ஐஸ் கேட்டான். படகுக்கா என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. சாவு வீட்டுக்கு ஐஸ் கேட்டு எங்களிடம் வருவது வழக்கம்தான், வெளியூர்ச் சொந்தம் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டுமே. ஆனால் அன்று வரிசையாக வந்தார்கள். கரண்ட் வேறு இல்லை. தொட்டியில் இருந்த பார்கள் ஓரம் கரையத் தொடங்கியிருந்தன. முதலாளி வந்து நின்று, "எல்லாத்தையும் குடுங்க. காசு வாங்காதீங்க, எழுதவும் எழுதாதீங்க" என்றார். அந்த வேலையில் முதன்முறையாகப் பேனாவை மூடி வைத்தேன். காலையில் வந்த அம்மாவின் மகளும் அந்த வரிசையில் நின்றாள். அந்த அம்மா ஐஸ் போட்ட மீனைக் கூடையோடு ஏலக்கூடத்தில் வைத்துவிட்டு, கரையோரக் குடிசைக்குப் போய் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவராம்.

சென்னையில் 206 பேர் என்றது அரசுக் கணக்கு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எட்டாயிரம். அலை தாக்கிய பதினான்கு நாடுகளையும் சேர்த்தால் இரண்டே கால் லட்சத்துக்கும் மேல். அந்த வாரம் எங்கள் டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்துக்கொண்டே, "நாகப்பட்டினத்தப் பார்த்தா நம்ம பக்கம் கம்மிதான்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனாலும் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்துக் கூடுதல், குறைச்சல் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த வார்த்தை என்னை அவ்வளவு சுடும் என்று நான் நினைத்ததில்லை.

டிசம்பர் 30 ஆம் தேதி இன்னொரு அலை வரப்போகிறது என்று டெல்லியிலிருந்தே எச்சரிக்கை வந்தது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரம் மொத்தமும் மேற்கே ஓடியது. அம்மோனியா வால்வை மூடிவிட்டு நாங்களும் ஓடினோம். அப்படி எதுவும் வராது, பயப்பட வேண்டாம் என்று பிற்பாடு அவர்களே சொன்னார்கள். சரி, அலை வரவில்லை. ஆனால் செத்தவருக்குப் படையல் வைத்துக்கொண்டிருந்த வீடுகளில் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடியவர்களை நான் பார்த்தேன். பயம் ஒரு தடவையோடு முடியவில்லை.

அதற்கப்புறம் வந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஊரில் யாரும் மீன் வாங்கவில்லை. பிணத்தைத் தின்ற மீன் என்று பேச்சு பரவிவிட்டது. கோழிக்கறிக் கடையில் வரிசை நின்றது. என் வீட்டிலேயே மீன் வேண்டாம் என்றார்கள், நானும் மறுத்துப் பேசவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் நான் மீன் தொடவில்லை. தினமும் அந்தப் பெண்களின் முகத்தில் விழித்துக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாம்பார் சோறு சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கடல் எடுத்துக்கொண்டதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. "கடலம்மா அடிச்சுட்டா" என்பார்கள், அவ்வளவுதான். ஊர் மீனைத் தள்ளி வைத்தபோதுதான் அழுதார்கள்.

பிறகு நிவாரணப் பட்டியல் எடுக்க வந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு ஒரு லட்சம், மத்திய அரசு ஒரு லட்சம் என்று இரண்டு லட்சம் கிடைத்தது. படகுக்குப் பதிவு எண் உண்டு. என்ஜினுக்கும் வலைக்கும் ஏதாவது ஒரு காகிதம் இருக்கும். எங்கள் ஐஸ் தூக்கும் ஆட்களுக்கு என்ன இருந்தது? அலையில் அவர்களுடைய எந்தப் பொருளும் போகவில்லை, வேலைதான் போனது. கூடை, தராசு, கத்தி, அன்றைய கைமுதல் என்று இழந்த பெண்கள், இழந்ததைக் காட்ட எதுவுமில்லாமல் நின்றார்கள்.

என்னிடம் வந்தார்கள். இங்கே தொழில் செய்தோம் என்று ஒரு கடிதம் வேண்டும், ஃபேக்டரி லெட்டர்பேடில். படகுக்காரர்களுக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. பேரேட்டைப் புரட்டினால் தேதியும் பாக்கியும் வரும். அந்த அம்மாவின் மகள் வந்தாள். அவளும் தாயோடு சேர்ந்து மீன் விற்றவள்தான். "அண்ணா, அம்மா உங்ககிட்ட எத்தனை வருசமா ஐஸ் வாங்குச்சுன்னு உங்க புக்குல இருக்கும்ல, அதப் பார்த்து எழுதிக் குடுங்க" என்றாள்.

நான் புரட்டினேன். இருக்காது என்று தெரிந்தும் அவள் எதிரில் புரட்டினேன். கடன் வைத்தவர்கள் அத்தனை பேருக்கும் என் பேரேட்டில் பெயர் இருந்தது. ஒருநாள்கூடக் கடன் சொல்லாமல் கையில் காசு வைத்து வாங்கியவர்களுக்கு ஓர் எழுத்துகூட இல்லை. எத்தனை வருட வியாபாரம் 'சில்லறை விற்பனை' என்ற ஒரே வரிக்குள் போயிருந்தது! அதை எழுதிய கை என் கை.

நினைவிலிருந்தே கடிதம் எழுதினேன். அவளுக்கு மட்டுமல்ல, எனக்கு முகம் தெரிந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுதினேன். அவள் அதை எடுத்துக்கொண்டு போன அலுவலகத்தில் "ஐஸ் வாங்கிய ரசீது எங்கே?" என்று கேட்டார்களாம். ஐந்து ரூபாய் ஐஸுக்கு ரசீது. கேட்டவரும் என்னைப் போல ஒரு கணக்கு எழுதுகிறவர்தான். காகிதத்தில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும் என்று அவருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அன்று நான் கோபப்பட்டேன், கோபப்பட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அலைந்து அலைந்து சிலருக்குக் கிடைத்தது. பலர் அலைவதை நிறுத்திவிட்டுக் கூடைக்குக் கடன் வாங்கினார்கள்.

தற்காலிகக் குடியிருப்பில் சில காலம் இருந்துவிட்டு, அந்தப் பெண் எர்ணாவூர் சுனாமி குடியிருப்புக்குப் போனாள். வீடு கான்கிரீட் வீடுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணி ஏலத்துக்கு அங்கிருந்து காசிமேட்டுக்கு எப்படி வருவது? முதல் நாள் இரவே வந்து ஏலக்கூடத்தில் படுத்துக்கொள்வாள்.

2007 இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கினார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் மறுபடி நிலம் நடுங்கியபோது செய்தி எங்களுக்கு உடனே வந்தது. அந்த மத்தியானம் கரையில் யாரும் என்ன ஏது என்று கேட்டு நிற்கவில்லை. நல்ல மாற்றம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஃபேக்டரியில் நான் ஒரு மாற்றம் செய்தேன். மீன் வியாபாரம் மறுபடி சூடு பிடித்த 2005 இல், ஒரு நோட்டு வாங்கி, ரொக்கத்துக்கு ஐஸ் வாங்குகிற ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் தேதியையும் எழுத ஆரம்பித்தேன். ஏலக் கூட்டத்தில் அது பெரிய தொல்லை. "எதுக்கு சார் இது?" என்று முதலாளி கேட்டார். சொன்னேன். அடுத்த நோட்டுகளை அவரே வாங்கிக் கொடுத்தார்.

ஒருநாள் விடியற்காலை கூட்டம் குறைந்ததும் மகள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். தன் பெயரைக் கண்டுபிடித்து விரலை வைத்தாள். பிறகு முன்னால் புரட்டிக்கொண்டே போனாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நோட்டை வாங்கினேன். முதல் பக்கத்தில் மேலே கொஞ்சம் இடம் இருந்தது. 26-12-2004 என்று தேதி போட்டு, அவள் அம்மாவின் பெயரை அவளிடமே கேட்டு, 'ஐஸ், ரூ. 5, ரொக்கம்' என்று எழுதினேன்.