“அந்த ஏற்காடு பேப்பரைப் படிச்சீங்களா சார்?”

பல் மருத்துவர்களின் பதவி உயர்வுக்கான தேர்வுக் குழு முடிந்து படி இறங்கும்போது அந்த டாக்டர் கேட்டது இது ஒன்றுதான். “எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான் மேடம்” என்றேன். கேள்விக்கு அது பதில் இல்லை, பொய்யும் இல்லை. “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு ஓ.பி. பக்கம் போய்விட்டார். எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

ஒருவரின் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணும் அந்த அளவுகோலுக்காக வாதாடியவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன்பு பதவி உயர்வில் யார் யாருக்கு வேண்டியவர் என்பதே பேசும். மேற்கோள் எண்ணிக்கைக்குச் சொந்தக்காரனும் இல்லை, சாதிக்காரனும் இல்லை. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த ஹெச் இண்டெக்ஸ் எளிய கணக்கு: ஒருவருக்கு அது 10 என்றால், தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 10 அவரிடம் இருக்கின்றன. சிபாரிசுக் கடிதத்தைவிட இது நியாயம் என்று இன்றும் நம்புகிறேன்.

அந்த டாக்டருடைய கட்டுரைப் பட்டியலும் மோசமில்லை. ஈறு நோய்க்கும், மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதத்துக்கும் (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ள தொடர்பைப் பற்றி, மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய ஒரு ரிவ்யூ கட்டுரைதான் அவருக்கு மேற்கோள்களை அள்ளித் தந்திருந்தது. ஈறு நோயில் பெருகும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம் ஒரு நொதி உண்டு; புரதத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அது சிட்ருலினாக மாற்றும். அப்படி மாறிய புரதங்களை உடல் அந்நியமாக நினைத்து எதிர்க்கலாம். முடக்குவாதத்துக்கு எடுக்கும் ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனை தேடுவது அந்த வகை எதிர்ப்பொருளைத்தான். 2016இல் இன்னொரு வாய் பாக்டீரியாவையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார்கள். விவாதம் இன்னும் ஓடுகிறது; அதனால் ரிவ்யூவுக்கும் மேற்கோள் ஏறிக்கொண்டே இருக்கிறது. ரிவ்யூக்களுக்குப் பொதுவாகவே அந்த யோகம் உண்டு.

ஏற்காடு பேப்பர் வேறு ரகம். காபி எஸ்டேட்டுகளில் பழம் பறிக்கும் பெண்களைப் பார்க்க, விடுமுறை நாட்களில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் எழுதியது. முடக்குவாதக்காரர்களுக்குக் காலையில் விரல் மடங்காது. விறைப்பு விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல் தேய்க்கும் நேரமும் அதுவேதான். பிரஷ்ஷைப் பிடிக்க முடியாதவருக்கு ஈறு கெடாமல் என்ன செய்யும்? ஈறு மூட்டைக் கெடுக்கிறதா என்று உலகம் கேட்டுக்கொண்டிருக்க, மூட்டு ஈறைக் கெடுக்கும் வழியைக் கொஞ்சம் பாருங்கள் என்கிறது அந்தக் கட்டுரை. பிரஷ் காம்பில் பழந்துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்ததையும் எழுதியிருந்தார். அதை மேற்கோள் காட்டியவர் யாருமில்லை.

“ரிவ்யூ லாக்டவுன்ல வீட்ல உட்கார்ந்து எழுதினது சார். மலைக்குப் போனதுதான் என் வேலை” என்று நேர்காணலிலேயே சொன்னார். நாங்கள் குறித்துக்கொண்டோம். குறிப்புக்கு மதிப்பெண் கட்டம் கிடையாது.

தனிப்பட்ட ஆய்வாளரை அவர் எழுதும் இதழின் தாக்கக் குறியீட்டால், அதாவது அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களால், எடைபோடாதீர்கள் என்று 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடி உருவாக்கிய டோரா பிரகடனம் எனக்குப் புதிதல்ல. மேற்கோள்களை எண்ணித் தரும் தளங்களில், ஒரே ஆளுக்கு ஸ்கோபஸில் ஒரு எண்ணும் கூகுள் ஸ்காலரில் அதைவிடப் பெரிய எண்ணும் வருவதும் தெரியும். ஆனால் ஒரு மதியத்துக்குள் அத்தனை பேரின் கட்டுரைகளையும் படித்துத் தீர்ப்புச் சொல்வது எப்படி? படித்தாலும், பிடித்ததற்குக் கூடுதலாகப் போட்டால் பழைய கதைக்கே திரும்பிவிட மாட்டோமா? சுவை என்ற பெயரில் வேண்டியவர் மறுபடி உள்ளே வந்துவிடுவார். இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். பாதி நாள் அது எடுபடுகிறது.

பிறகு அந்தப் பேப்பரைப் படித்தேன். குறைகள் இருக்கின்றன. ஆட்கள் குறைவு, ஒப்பிட இன்னொரு குழு இல்லை. பெரிய இதழ் திருப்பி அனுப்பியிருந்தால் தப்புச் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் கழித்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் ஒரு அம்மா ஓ.பி.க்கு வந்தார். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. ஈறு தொட்டால் ரத்தம். “பிரஷ்ல துணியைச் சுத்திக் கட்டிப் புடிங்கம்மா, மூட்டு டாக்டரையும் ஒருதரம் பாத்துடுங்க” என்றேன். அடுத்த முறை வந்தபோது ஈறு தேறியிருந்தது.

அந்த யோசனை யாருடையது என்று ஸ்கோபஸுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். சொன்னால் ஆறுதல் பரிசு மாதிரி ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன். அவர் ஆறுதல் கேட்கவில்லையே, படித்தீர்களா என்றுதானே கேட்டார். முன்பே படித்திருந்தால் வேறு மதிப்பெண் போட்டிருப்பேனா என்று கேட்டால், இருக்கிற படிவத்தில் முடியாது, அதேதான் போட்டிருப்பேன். அடுத்த குழுவுக்கும் அதே படிவம்தான் வந்திருக்கிறது.