நாலு முத்து

14 நவம்பர் 2023, செவ்வாய்

தீபாவளி லீவு முடிந்தும் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. எண் பிடிபடாததால் என்னிடம் தனியாக வருகிற ஆறாப்புப் பையன் வந்திருந்தான். குழந்தைகள் தின மிட்டாய் கையில் எத்தனை என்றேன். மூன்றுதான். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டுத்தான் சொன்னான். பதினொரு வயது.

16 நவம்பர்

52இல் 27 போனால் 35. நேற்றும் 35, இன்றும் 35. ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. மேலே எது கீழே எது என்று பார்ப்பதில்லை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறான். ஆறாப்பு கணக்கு சார் கவனமில்லை என்கிறார். கவனமில்லாத பிள்ளை நாளுக்கொரு தப்புப் போடும். இவன் ஒரே தப்பை அச்சுப் பிசகாமல் போடுகிறான். இவனிடம் ஒரு விதி இருக்கிறது, அது எங்கள் விதி இல்லை, அவ்வளவுதான்.

"பக்கத்துல கடன் வாங்கு" என்று வழக்கம்போல் சொன்னேன்.

"வாங்குனா திருப்பிக் குடுக்கணும்லா டீச்சர்? எப்பக் குடுப்போம்?"

கரும்பலகையில் அந்தக் கடன் திரும்பிப் போவதே இல்லை. இத்தனை வருஷத்தில் வேறு எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. வாரவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் தோன்றும் போல.

17 நவம்பர்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் பிள்ளைகளை டாக்டர் பார்க்கிற முகாம், அதன் தேதி வரவில்லை.

21 நவம்பர்

ஆச்சியின் பல்லாங்குழியைப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுபோனேன். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியமுத்து. ஒரு குழியில் நாலு சேர்ந்துவிட்டால் பசு, குழிக்காரர் அள்ளிக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அந்தப் பசுதான். நாலை எண்ணாமல் நாலென்று பார்க்கிற கண். மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வருமுன்பே வந்துவிடுகிற கண் அது. இவனுக்கு இன்னும் வரவில்லை. அது இல்லாமல் வாய்ப்பாட்டை மட்டும் உருப்போட வைத்து என்ன செய்ய?

இரட்டைச்சடைக்காரி எதிரே உட்கார்ந்தாள். எழுத்துகள் அவளுக்குக் கண்ணில் நிற்காது, எண்ணில் புலி. இவன் விரல் வைத்து எண்ணி முடிக்குமுன் அவள் ஏழெட்டுப் பசுவை அள்ளிவிட்டாள். இவன் பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

24 நவம்பர்

விரல் விட்டு எண்ணியதற்காக வகுப்பில் நிற்க வைத்திருக்கிறார்கள். நான் எண்ணச் சொல்கிறேன், அங்கே கையைக் கட்டச் சொல்கிறார்கள். சாரிடம் பேசினேன். "பத்தாப்புல போயும் விரலையா மடக்குவான்?" என்றார். மடக்கட்டுமே.

இன்று அவன் பல்லாங்குழிப் பலகையைத் தொடவில்லை.

27 நவம்பர்

கடனை விட்டுவிட்டேன். ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாய்க் கட்டச் சொன்னேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. 27 எடு. உதிரியில் ஏழு இல்லை. ஒரு நிமிஷம் பார்த்தான். தானே ஒரு கட்டை அவிழ்த்தான். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நாலு கட்டில் இரண்டு போக இரண்டு. 25. யாரும் யாருக்கும் கடன்படவில்லை.

சந்தோஷப்பட விடாமல் அந்த முடிச்சு உறுத்துகிறது. நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, நகத்தால் இழுத்து, கண் சிமிட்டும் நேரத்தில் போட்ட முடிச்சு. பெரியவர்கள் கை. "வீட்டுல பீடி கட்டுவியா?" என்றேன். "அம்மைக்கு எண்ணி மட்டும் குடுப்பேன்" என்றான். எண்ணி மட்டும் கொடுக்கிறவனுக்கு அந்த முடிச்சு வராது.

பீடி கட்டுக்கு 25, நாற்பது கட்டு ஆயிரம். நாலு கட்டு எவ்வளவு என்றதும் "நூறு" என்றான், யோசிக்கவே இல்லை. நோட்டில் 25 × 4 போட்டுக் கொடுத்தேன். 820. நாலைந்து இருபதை அப்படியே இறக்கி, பக்கத்தில் எட்டை வைத்திருக்கிறான்.

பீடியை வைத்தே சொல்லிக்கொடுத்தால் வேகமாக வருவான். மாட்டேன்.

4 டிசம்பர்

சென்னையில் புயல். முகாம் பற்றிக் கேட்டால் "சொல்லுவோம்".

7 டிசம்பர்

பசு! அவன்தான் கத்தினான். விரல் குழிக்குப் போகவே இல்லை. இரட்டைச்சடை முறைத்தாள்.

அதே நாலு முத்தை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். எண்ண ஆரம்பித்துவிட்டான். குழிக்குள் சதுரமாகக் கிடந்தால் நாலு, நீளமாகக் கிடந்தால் தெரியாத எண். சதுரத்தைப் படித்திருக்கிறான், நாலைப் படிக்கவில்லையோ? நாளைக்கு இரண்டும் இரண்டுமாகத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

அரையாண்டுத் தேர்வு புயலால் தள்ளிப் போயிருக்கிறது. இவனுக்கு நல்லது.

11 டிசம்பர்

அவன் அம்மா வந்திருந்தாள், மடியில் இலைத்தூள் ஒட்டியபடி. "பைத்தியம்னு எழுதிக் குடுத்துருவாவளா டீச்சர்?"

இல்லக்கா என்றேன். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுதான் இருந்தது, இந்தப் பிள்ளைகளுக்கு அதில் இடமே இல்லை. 2016 சட்டத்தில்தான் இருபத்தொரு வகையாக்கி, கற்றல் குறைபாட்டைப் பேர் சொல்லிச் சேர்த்தார்கள். இவனைப்போல் எண் பிடிபடாத டிஸ்கால்குலியாவும் அதற்குள் வரும். சான்றிதழ் இருந்தால் பத்தாப்புப் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம். பதினாலு வயதில் ஒருமுறை, பதினெட்டில் ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள். எல்லாம் சொன்னேன்.

"அதுவரைக்கும் படிப்பானா?" என்றாள். முடிச்சைப் பற்றிக் கேட்க இருந்தேன். கேட்கவில்லை. கேட்டால் பையனை அனுப்ப மாட்டாள்.

12 டிசம்பர்

முப்பத்தைந்து எழுது என்றால் 305. கட்டை அவிழ்க்கத் தெரிகிறது, எழுதத் தெரியவில்லை.

15 டிசம்பர்

தேதி வந்துவிட்டது. 18 திங்கள், பாளையங்கோட்டை, ஒன்பதரைக்கு. மூன்று நாள் முன்னால் சொன்னால் கூலி வேலைக்காரர்கள் எப்படி வருவார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. இரட்டைச்சடை வீட்டில் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமாம். பத்து வயது அவளுக்கு.

17 டிசம்பர், ஞாயிறு

விடிந்ததிலிருந்து ஒரே பிடியாக மழை. பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், போட்டோ எல்லாவற்றையும் பாலிதீன் பையில் போட்டு வைக்கச் சொன்னேன். 35 போட்ட நோட்டையும் எடுத்து வாருங்கள், டாக்டர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நாளை பள்ளிகளுக்கு லீவு என்று வாட்ஸாப்பில் வந்துவிட்டது. முகாம் உண்டா இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை. அவன் அம்மா மறுபடி கூப்பிட்டாள், முக்கூடலிலிருந்து முதல் பஸ் ஓடுமா என்று. ஓடும் என்று சொல்லியிருக்கிறேன்.