1836-ஐ எழுதிப் பார்த்த பதினேழு மாதங்கள்

காலனியக் காலத்தில் நடக்கும் ஆங்கிலக் காதல் நாவல்களைக் கல்லூரி நாள்களிலிருந்தே விரும்பிப் படித்து வருகிறேன். இந்தியாவும் பிரிட்டனும் மாறி மாறி வரும் அந்தக் கதைகளில் இந்தியா என்றால் பெரும்பாலும் சிம்லா மலையும் வடமேற்கு எல்லையும் 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியுமே. எங்கள் பக்கத்து ஆறும் வரப்பும் அவற்றில் தலைகாட்டுவது மிக அரிது. குடமுருட்டி ஆறு பிரியும் திருக்காட்டுப்பள்ளியில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் இந்தக் குறை எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு தை மாதம், பொங்கல் வேலைகள் ஓய்ந்த பிறகு, நானே ஒரு நாவல் எழுதிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். இப்போது வைகாசி. இருபத்திரண்டு அத்தியாயங்களில் பதினாறு முடிந்துள்ளன. இதுவரை செய்ததையும் பிழைபட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடக்கத்தில் கதையை 1870-ஐ ஒட்டி, நாகப்பட்டினத்து ரயில் பாதையைச் சுற்றி அமைத்திருந்தேன். மூன்று அத்தியாயங்களுக்குப் பிறகு அது எங்கும் நடக்கக்கூடிய கதையாகத் தோன்றியதால் விட்டுவிட்டேன். எங்கள் மண்ணில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு காதல் வேண்டுமானால் அது தண்ணீரை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. அப்படித்தான் முக்கொம்புக்குப் போனேன். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அந்த இடத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் மேலணையைக் கட்டினார். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் சரிவாகவும் இருந்ததால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடிக் கடலில் சேர, காவிரியோ மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. தஞ்சாவூர்ச் சீமையின் வயல்கள் காய்ந்ததற்கு அதுவே காரணம். ஆற்று மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துக் கற்றதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். அவரை என் கதைக்குள் பேசவிடவில்லை. பெயராக மட்டும் வருகிறார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஓர் இளம் பொறியாளர், லண்டனுக்கு அருகே அடிஸ்கோம்பில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய இராணுவப் பள்ளியில் படித்து வந்தவர், என் நாயகன். அவருக்குத் தமிழ் கற்பிக்கும் தஞ்சாவூர் மிஷன் பள்ளி ஆசிரியரின் மகள் நாயகி.

சித்திரையில் முதல் ஐந்து அத்தியாயங்களைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்தார். "அம்மாடி, மேட்டூர் அணை 1934-லதான் வந்துச்சு. உன் கதையில ஆளுங்க ஜூன் மாசத்துலயே தண்ணிக்குத் தேதி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களே?" என்றார். தேதி குறித்துத் தண்ணீர் திறக்கும் வழக்கத்துக்கு நாங்கள் அவ்வளவு பழகிவிட்டிருக்கிறோம். அணை இல்லாத காலத்தில் குடகில் மழை பிடித்தால்தான் இங்கே புதுவெள்ளம் வரும். அது வரும் நாளை யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு திருத்தத்தால் முதல் பகுதி முழுவதையும் மறுபடி எழுத நேர்ந்தது. ஆனால் அதனால் கதைக்குப் பெரும் பலன் கிடைத்தது. வெள்ளம் வருவதற்குள் ஆற்றுக்குள் நடக்கும் கட்டுமானத்தைக் கரைசேர்க்க வேண்டும் என்ற பதற்றமும், வேலை முடிந்தால் நாயகன் ஊரைவிட்டுப் போய்விடுவார் என்ற நாயகியின் கலக்கமும் ஒரே நாளை நோக்கி நகரத் தொடங்கின. வெள்ளம் சீக்கிரம் வர வேண்டும் என்று ஊரே வேண்டிக்கொள்ளும்போது அவள் ஒருத்தி மட்டும் வேண்டிக்கொள்ள முடியாமல் நிற்கிறாள். உழவர் வீட்டுப் பெண்ணாகிய எனக்கு அந்த இடத்தை எழுதும்போது கை நடுங்கியது.

சிறு பிழைகளும் பல இருந்தன. விருந்தில் பொன்னி அரிசிச் சோறு பரிமாறியிருந்தேன். நாம் இன்று வாங்கும் வெள்ளைப் பொன்னி 1980-களில்தான் வெளியானது. ஆசிரியர் வீட்டில் காலையில் காப்பி ஆற்றிக் கொடுத்த காட்சியை நீராகாரமாக மாற்றினேன். மண்ணெண்ணெய் விளக்கு இலுப்பை எண்ணெய் விளக்கானது. ஒரு சொல் அந்தக் காலத்தில் வழங்கியதா என்ற ஐயம் வரும்போதெல்லாம் 1834 முதல் சென்னையில் பகுதி பகுதியாக அச்சான ராட்லரின் தமிழ்–ஆங்கில அகராதியைப் புரட்டுகிறேன். கதை நடக்கும் அதே ஆண்டுகளில் வெளிவந்த அகராதி என்பதால் அதைத் திறக்கும்போது நாயகியின் தந்தையே அருகில் அமர்ந்து பொருள் சொல்வது போன்ற உணர்வு எனக்கு உண்டாகும்.

ஆடி முதல் ஐப்பசி வரை கடிதங்களோடு மல்லுக்கட்டினேன். அணை வேலை முடிந்து, காய்ச்சலால் நலிந்த நாயகன் மருத்துவ விடுப்பில் இங்கிலாந்து திரும்புகிறார். அதன் பிறகு காதல் முழுவதும் கடிதங்களிலேயே நடக்க வேண்டும். 1830-களில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் பாய்மரக் கப்பல் சென்னைக்கு வந்து சேர நான்கு முதல் ஆறு மாதங்கள் பிடித்தன. சென்னையில் துறைமுகமும் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து பைகளைக் கரை சேர்க்கும். அங்கிருந்து தபால் ஓட்டக்காரர்கள் தஞ்சாவூருக்குக் கொண்டுவருவார்கள். அதாவது "நலமா?" என்று கேட்ட கேள்விக்கு விடை வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். என் முதல் வரைவில் இருவரும் மாதம் ஒரு கடிதம் எழுதி உடனுக்குடன் பதில் பெற்றுக்கொண்டிருந்தார்கள். அது அடிப்படையிலேயே தவறு. வரும் பதில் ஓராண்டுக்கு முந்தைய மனநிலைக்கான பதில் என்பதை உணர்ந்த பிறகே அந்த இருவரின் தனிமை எனக்குப் புரிந்தது.

நான்காம் வில்லியம் 1837 ஜூன் 20 அன்று இறந்து விக்டோரியா அரியணை ஏறினார். அந்தச் செய்தி கடல் கடந்து வந்து சேரும்வரை தஞ்சாவூரில் இருந்த ஆங்கிலேயர்கள் இறந்துபோன அரசருக்காகவே ஞாயிறுதோறும் மன்றாடியிருப்பார்கள் அல்லவா? இதை ஓர் அத்தியாயத்தின் மையமாக வைத்தேன். ஆலயத்தில் அந்த மன்றாட்டைக் கேட்கும் நாயகிக்கு அப்போது ஒன்றும் தெரியாது. உண்மை தெரிய வந்த நாளில், தான் யாருக்காக வேண்டிக்கொண்டிருக்கிறோமோ அவரும் இப்போது இருக்கிறாரா என்று முதன்முறையாக நினைக்கிறாள்.

இதனினும் பெரிய உதவி எகிப்து வழியாகக் கிடைத்தது. சூயஸ் கால்வாய் 1869-இல்தான் திறக்கப்பட்டது என்றாலும், அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தபால் பைகளை அலெக்சாந்திரியாவில் இறக்கி, தரைவழியாகச் சூயஸுக்குக் கொண்டுபோய், மறுபடி நீராவிக் கப்பலில் ஏற்றும் முறை வந்துவிட்டது. ஆகவே 1830-களின் இறுதியில் ஒரு கடிதம் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து மாதக்கணக்கில் வேறுபாடு வரும். பின்னால் எழுதிய கடிதம் முன்னால் எழுதியதை முந்திக்கொண்டு வந்து சேரலாம். நாயகன் முனை வழியாக ஒரு கடிதத்தில் தன் தாயின் எதிர்ப்பைச் சொல்லி விடைபெறுகிறார். பின்னர் மனம் மாறி எகிப்து வழியாக மற்றொன்றில் காத்திருக்கச் சொல்கிறார். இரண்டாவது கடிதமே முதலில் வருகிறது. மகிழ்ச்சியோடு இருப்பவளின் கையில் இரண்டு மாதம் கழித்து விடைபெறும் கடிதம் கிடைக்கிறது. அவள் தேதியைப் பார்க்கிறாளா? பார்த்தாலும் நம்புகிறாளா? கதையின் முடிச்சு இதுதான். இதை நான் கற்பனையால் கட்டவில்லை. அந்தக் காலத்துத் தபாலே கட்டிக் கொடுத்தது.

கடிதத்தின் தோற்றத்தையும் திருத்த வேண்டியிருந்தது. பிரிட்டனில் 1840-இல் ஒரு பென்னிக் கட்டணம் வரும்வரை எத்தனை தாள் என்பதைப் பார்த்தே கட்டணம் வாங்கினார்கள். உறை போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் தாளையே மடித்து அரக்கு முத்திரை வைப்பார்கள். இடம் போதாவிட்டால் எழுதிய பக்கத்தைத் திருப்பி வைத்துக் குறுக்கே எழுதுவார்கள். என் நாயகி அப்படிக் குறுக்கு நெடுக்காக எழுதப்பட்ட ஒரு பக்கத்தை ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் படிக்கும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தமானது.

கார்த்திகை முழுவதும் ஒரே அத்தியாயத்தில் கழிந்தது. ஆங்கிலத்தில் யாரை அழைத்தாலும் ஒரே சொல்தான். தமிழில் வாய் திறந்தவுடன் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். வேலையாட்களிடம் பேசும் பேச்சையே காதால் கேட்டுப் பழகிய நாயகன், தனக்குப் பாடம் சொல்லும் பெரியவரையே முதல் நாள் "நீ" என்கிறார். அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து நாயகி, "அப்பாவை நீங்கள் என்று சொல்லும்படி துரைக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்கிறாள். ஆளும் இனத்தவரைத் திருத்தும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர்களின் உறவு தொடங்குகிறது. அதற்குப் பிறகு கடிதங்களில் அவள் அவரைத் "தாங்கள்" என்றே எழுதுகிறாள். பதினோராம் அத்தியாயத்தில் முதன்முறையாக "நீர்" என்று எழுதுகிறாள். முத்தக் காட்சி எதுவும் இல்லாத என் நாவலில் அந்த "நீர்" என்ற சொல்லே நெருக்கத்தின் உச்சம். அதை எந்த வரியில் வைப்பது என்று பத்து நாள்கள் யோசித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடக்க வரைவில் வெள்ளத்தில் சிக்கிய நாயகியை நாயகன் குதிரையில் வந்து காப்பாற்றியிருந்தார். நான் விரும்பிப் படித்த நாவல்களில் அப்படித்தான் நடக்கும். ஆனால் ஆளுகிறவர் காப்பவராகவும் ஆளப்படுகிறவள் காக்கப்படுபவளாகவும் இருக்கும் காட்சியை எங்கள் ஆற்றங்கரையில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. காவிரிக்கரைப் பெண்ணுக்குச் சுழல் எது, மணல் மேடு எது என்று தெரியாதா? பதினான்கு பக்கங்களை நீக்கிவிட்டேன்.

மாசியில் திருமண அத்தியாயங்களைத் தொட்டபோது, தடை இனத்தால் மட்டும் வரவில்லை என்பது தெரிந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று ஆணையிட்டதும் தஞ்சாவூர்ச் சபை கொந்தளித்தது. அப்படிப் பிளவுபட்ட சபையில் வளர்ந்த பெண் அவள். வெள்ளைக்காரரை மணந்தால் அவளுடைய உறவினர்கள் என்ன சொல்வார்கள் என்பதை எழுதும்போது அவர்களை வெறும் தீயவர்களாகக் காட்டாமல் இருக்க மிகவும் முயன்று வருகிறேன். இந்தப் பகுதி இன்னும் சரியாக வரவில்லை.

பங்குனியில் தஞ்சாவூருக்குப் போய்ச் சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் ஆலயத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பம் அங்கே இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் தம் குரு ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் கையைச் சரபோஜி மன்னர் பற்றியிருக்கிறார். கல்லில் இரு கைகள் இணைந்திருக்க, அதன் முன் நிற்கும் என் மாந்தர் இருவரும் கையைத் தொடக்கூட முடியாமல் விடைபெறுகிறார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்து அந்தக் காட்சியை ஒரே மூச்சில் எழுதினேன்; இதுவரை ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

எஞ்சிய ஆறு அத்தியாயங்களில் நான்கு இங்கிலாந்தில் நடக்கின்றன. 1839-இல் திறந்த லண்டன்–கிராய்டன் ரயிலில் நாயகன் முதன்முறையாகப் பயணம் செய்வதிலிருந்து அவை தொடங்கும். குளிரை நான் அனுபவித்ததில்லை என்பதால் அந்தப் பக்கங்களை முழுவதும் அவருடைய கடிதங்களாகவே எழுதுகிறேன். தஞ்சாவூரிலிருந்து அதைப் படித்துக் கற்பனை செய்யும் நாயகிக்குத் தெரியும் அளவு எனக்கும் தெரிந்தால் போதும். கடைசி அத்தியாயத்தில் அவர் திரும்பி வருகிறாரா என்று சித்தப்பா தினமும் கேட்கிறார். இப்போது ஆறு வறண்டு கிடக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் ஊரில் குடமுருட்டி பிரியும் தலைப்பைத் தொடும் அன்று காலை கரையில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை எழுதத் தொடங்குவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.