மூட்டைக் கூலி

கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் சில வருடம் கணக்கு எழுதினேன். பெரும்போகம் வெட்டி, பெப்ரவரி, மார்ச்சில் நெல் வந்து குவியும்போது என் மேசையே லொறிப் பின்கதவுக்குப் பக்கத்துக்கு வந்துவிடும். நாட்டாமைமாரோடு பழகியது அங்கேதான்.

தமிழ்நாட்டில் நாட்டாமை என்றால் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லும் பெரியவர். இலங்கையில் நமக்கு நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிற தொழிலாளி. கொழும்புப் புறக்கோட்டையில் சிங்களவரும் 'நாட்டாமி' என்றே சொல்கிறார்கள். தொழிலின் பெயர்தான், ஆனால் கத்துகிறவன், சண்டைக்காரன் என்ற வசவாகவும் ஓடுகிறது. சின்ன வயதில் நான் சத்தம் போட்டால் அம்மா, "என்ன மனே, நாட்டாமை மாதிரிக் கத்துறாய்?" என்பார்.

கத்தாமல் என்ன செய்வது? பிடரியில் மூட்டை ஏறிவிட்டால் தலை திரும்பாது. ஒடுங்கிய பலகையில் எதிரே வருகிறவன் விலக வேண்டுமென்றால் குரல்தான் கொடுக்க வேண்டும்.

சண்டை வேறு கதை. அவர்களுக்கு நாட்கூலி கிடையாது, மூட்டைக் கூலி. கரண்ட் போனாலும் லொறி பிந்தினாலும் என் சம்பளம் ஓடும், அவர்களுடையது நின்றுவிடும். நான் பார்த்த சச்சரவுகளில் பாதி அந்தச் சும்மா இருந்த நேரத்தில் மூண்டவை. மீதி, சாக்கை அமுக்கி நிரப்புவதால் வந்தவை. சாக்கும் மிச்சம், கூலியும் மிச்சம் என்று அறுபது, எழுபது கிலோ வரை திணிப்பார்கள். ஒரு ஆள் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்திருக்கிறது. எங்கள் ஆலைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

ஒருநாள் நாட்டாமைமாரில் மூத்தவர், நாங்கள் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர், ஒரு மூட்டையைத் தொப்பென்று என் முன்னால் போட்டார்.

"தம்பி, இதத் தராசுல வெய்ங்க. ஒரு மூட்டையா ஒண்டரையா எண்டு பாத்து எழுதுங்க."

கூலிப் புத்தகத்தில் எடைக்கு நிரல் இல்லை. ஓரத்தில் கிலோவை எழுதினேன். அன்று மாலை முதலாளி அதைப் பார்த்து முகம் சுளித்தார். அப்புறம் கனத்த மூட்டைகளுக்கு ஒன்றரைக் கூலி போடச் சொன்னார். சொல்லிவிட்டு, "நாட்டாமைப் புத்தியைக் காட்டிட்டானுகள்" என்றார்.