ஒற்றைக் கையால் போலைன் முடிச்சு: எல்லாம் மணிக்கட்டில்தான்

இழுத்தாலும் இறுகாத வளையத்தைத் தரும் முடிச்சுதான் போலைன். தண்ணீரில் விழுந்தவர், படகிலிருந்து வரும் கயிற்றை ஒரு கையாலேயே தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ள இது உதவும். இடுப்பைச் சுற்றி ஒற்றைக் கையால் அதைப் போடுவது எனக்கு ஒருவழியாக வசப்பட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் முடிச்சு சரியாகவே விழுகிறது. இரு கைகளால் போடும் முறை பாய்ப்படகுப் பழக்கம் உள்ள எவருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதுகைச் சுற்றி வந்த கயிற்றின் நுனி வலக்கையிலும், படகுக்குச் செல்லும் பகுதியான தாய்க்கயிறு இடப்புறமும் இருக்க, நுனியைப் பிடித்த கையைத் தாய்க்கயிற்றின் மேல் குறுக்காக வைத்து, மணிக்கட்டைக் கீழே அழுத்தி, வயிற்றுப் பக்கமாக மேலே உருட்ட வேண்டும். அப்போது கையைச் சுற்றிச் சிறு கண்ணி ஒன்று விழும். பலருக்கு இது விழாமல் போவதற்குக் காரணம் விரல்கள் அல்ல, கயிற்றின் இறுக்கம். படகு இழுத்துக்கொண்டிருக்கும் கயிற்றில் மணிக்கட்டு எவ்வளவு திரும்பினாலும் கண்ணி உருவாகாது. ஆகவே முதலில் ஒரு முழம் கயிற்றையாவது தன் பக்கம் இழுத்துத் தளர்த்திக்கொள்வது அவசியம். நுனியும் விரல்களுக்கு வெளியே சுமார் 15 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். கட்டைவிரல் அதைத் தாய்க்கயிற்றின் பின்னால் தள்ள, மறுபுறம் நடுவிரல் வாங்கிக்கொள்ள, பிடியை விடாமல் கையைக் கண்ணியிலிருந்து உருவினால் முடிச்சு முடிந்தது.

இதற்கு 8 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறே சிறந்தது. காசிமேட்டில் மீன்பிடிச் சாமான் கடைகளில் எடைக்குக் கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு தண்ணீரில் மிதக்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் விறைப்பு மணிக்கட்டோடு மல்லுக்கு நிற்கிறது. மலிவு என்பதற்காகப் பயிற்சிக்கு அதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாய் கிழிந்தாலும் இந்த முடிச்சு நழுவாது என்று 1627இல் ஆங்கிலேயக் கடலோடி ஜான் ஸ்மித் எழுதினார். அது சணல்நார்க் கயிற்றின் காலம். இன்றைய வழுவழுப்பான செயற்கை இழைக் கயிறான டைனீமாவில், சுமை இல்லாமல் பாய் படபடக்கும்போது போலைன் தானாகவே தளர்ந்துவிடும். எனவே அடுத்ததாக, 5 மி.மீ. டைனீமா வாங்கி, நுனியை மீண்டும் முடிச்சுக்குள் செருகும் யோசெமிட்டி முறையை ஜிப் எனும் முன்பாயின் மூலையில் கட்டிப் பார்க்கப்போகிறேன். இடக்கையால் போடும் பயிற்சி இன்னும் பாக்கி இருக்கிறது. விழுந்தவருக்கு எந்தக் கை ஓய்வாக இருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் அதையும் விடப்போவதில்லை.