மேட்டுக்கொல்லையில் களா வேலி

12 ஜூலை 2021

அணைக்கட்டுப் பக்கத்திலுள்ள எங்கள் மேட்டுக்கொல்லையின் வரப்பை அடைத்துக் கிடந்த உண்ணிச்செடியை வேரோடு அகற்றிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து அழகுக்காக வந்து, நம் புதர்க்காடுகளை விழுங்கிய செடி அது. அந்த இடத்தில் நம் மண்ணின் முட்புதரான களாவை வளர்க்கப் போகிறேன். பெரியம்மாவின் கொல்லையோரத்துப் பழைய புதரிலிருந்து கறுத்துக் கனிந்த பழங்களைப் பறித்துப் பிசைந்து, பிசுக்குப் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி உடனே பைகளில் ஊன்றினேன். களா விதையை நாட்பட வைத்திருந்தால் முளைக்காது.

24 நவம்பர் 2021

பாலாற்றில் பெருவெள்ளம் வந்து வடிகிறது. மண் ஊறியிருப்பதால் நாற்பது கன்றுகளை மூன்றடி இடைவெளியில் நட்டேன். சாண் உயரம்கூட வராத கன்றுகள்தாம். மழையைத் தவறவிட மனம் வரவில்லை.

8 மே 2022

கத்திரி வெயிலுக்கு முன்பே ஆடுகள் வந்துவிட்டன. இருபத்திரண்டு கன்றுகளே எஞ்சியுள்ளன. களாவின் முள் முற்றிய பிறகுதான் அது தன்னைக் காத்துக்கொள்ளும் என்பதை அறிந்திருந்தும் அவசரப்பட்டேன். இன்று வேலிகாத்தான் (சீமைக்கருவேல்) முட்கிளைகளை வெட்டி ஒவ்வொரு கன்றையும் சுற்றி அடைத்தேன்.

3 அக்டோபர் 2022

பையிலேயே ஓராண்டு வளர்ந்த கன்றுகளை, பட்டுப்போன இடங்களில் நட்டேன்.

17 மார்ச் 2024

முதல் பூ. மல்லிகையை நினைவூட்டும் மணத்துடன் ஐந்திதழ் வெண்பூக்கள் கொத்தாக மலர்ந்திருக்கின்றன. விடியற்காலையிலிருந்தே தேனீக்கள் மொய்க்கின்றன. வேலியைச் சீராக வெட்டிவிட்டால் பார்வையாக இருக்கும் என்கிறார் அண்ணன். ஆனால் களா கிளை நுனியில் பூப்பது. நுனியை வெட்டினால் பூவும் போகும், அதன்பின் வரவேண்டிய பழமும் போகும். பறவைகளுக்காக வளர்க்கும் வேலி கலைந்துதான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

30 ஜூன் 2024

பச்சைக் காய்கள் சிவந்து கறுக்கத் தொடங்கிவிட்டன. சின்னான் குருவிகள் இணையாக வருகின்றன. குயில் வந்தால் அவை விலகிக்கொள்கின்றன. ஊறுகாய்க்குக் காய் கேட்ட பெரியம்மாவுக்குப் பாதையோர வரிசையைக் காட்டினேன்; உள்வரிசையில் யாரும் கை வைப்பதில்லை என்று வீட்டில் பேசிவைத்திருக்கிறோம்.

6 ஜூலை 2024

உள்வரிசையின் மூன்றாம் புதரில், கவை முட்களுக்கு நடுவே, சின்னான் கூடு, இரண்டு முட்டைகள். குஞ்சுகள் பறக்கும் வரை அந்தப் பக்கம் களையெடுக்கப் போவதில்லை.