திரும்பாத பிணைப்பு

உயர்தர வகுப்பில் எங்களுக்கு இரசாயனம் படிப்பித்த ஆசிரியர், புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களின் பெயரையும் பாடமாக்கச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. "பெயர் புத்தகத்தில கிடக்கும். எந்தப் பிணைப்பு சுழன்று திரும்பும், எது திரும்பாது? அதைச் சொல்லு" என்பார். அது பரீட்சைக்கு வராது என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஓர் அமினோ அமிலத்தின் காபொட்சிலிக் கூட்டமும் அடுத்ததன் அமினோ கூட்டமும் ஒரு நீர் மூலக்கூறை இழந்து பெப்ரைட்டுப் பிணைப்பாகின்றன. கரும்பலகையில் அது ஒற்றைக் கோடுதான். ஆனால் நைதரசனின் தனிச்சோடி இலத்திரன்கள் பக்கத்துக் காபனைல் (C=O) கூட்டத்தோடு பரிவுறுவதால், அதாவது அதனோடும் பகிரப்படுவதால், அந்தப் பிணைப்புக்குப் பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் வந்துவிடுகிறது. சுழலாது. அதைச் சுற்றியுள்ள 6 அணுக்களும் ஒரே தளத்தில் கிடக்கும்.

இதை விளங்கப்படுத்த அவர் அமெரிக்க இரசாயனவியலாளர் லைனஸ் போலிங்கின் கதையை எடுப்பார். 1948இல் ஒக்ஸ்போர்ட்டில் தடிமன் பிடித்துக் கட்டிலில் கிடந்த போலிங், ஒரு தாளில் பெப்ரைட்டுப் பிணைப்புகளால் கோத்த அமினோ அமிலச் சங்கிலியை வரைந்து, திரும்பக்கூடிய இடங்களில் மட்டும் மடித்து மடித்துப் பார்த்தார். 1951இல் வெளியான அல்பா சுருளுக்கு, அதாவது புரதச் சங்கிலி சுருண்டு நிற்கும் ஒரு வடிவத்துக்கு, வித்து அதுதான். நாங்களும் கொப்பித் தாளைக் கிழித்து மடித்தோம். வகுப்பு குப்பையானதுதான் மிச்சம். போலிங்கின் சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். ஒரு வருடம் முந்தி கேம்பிரிட்ஜில் பிராக், கென்ட்ரூ, பெருட்ஸ் மூவரும் இதே புதிரில் சறுக்கியிருந்தார்கள். சுற்றுக்கு முழு எண்தான் வரவேண்டும் என்று நினைத்தார்கள், பெப்ரைட்டுப் பிணைப்பையும் வளையவிட்டார்கள். பெரிய ஆட்கள் சறுக்கிய கதையென்றால் எங்கள் ஆசிரியருக்குத் தனி உற்சாகம்!

பெப்ரைட்டுப் பிணைப்பு அசையாதென்றால், புரதத்தின் முதுகெலும்பான நடுச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் மிஞ்சுவது இரண்டு சுழற்சிக் கோணங்கள். அவற்றில் எந்தச் சேர்க்கைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டாது என்று கணக்கிட்டு, 1963இல் ஒரே வரைபடத்தில் காட்டினார்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர். படத்தில் பெரும்பகுதி விலக்கப்பட்ட வெளி. இன்றைக்கும் புதிதாகத் தீர்க்கப்பட்ட ஒரு புரதக் கட்டமைப்பு என் மேசைக்கு வந்தால் நான் முதலில் திறப்பது அந்த வரைபடத்தைத்தான். படத்தில் ஒரு புள்ளி ஓர் அமினோ அமிலம். விலக்கப்பட்ட வெளியில் ஒரு புள்ளி நின்றால், அது கிளைசீன் என்ற அமினோ அமிலமா என்று பார்ப்பேன். பக்கச் சங்கிலியாக வெறும் ஐதரசன் அணு உள்ள கிளைசீனுக்கு, மற்றவை போகமுடியாத இடங்களுக்கும் போக அனுமதி உண்டு. வளையத்துக்குள் பூட்டப்பட்ட புரோலீன் என்ற அமினோ அமிலம் அதற்கு நேரெதிர்.

எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தில் இரண்டுக்கும் வேலை இருக்கிறது. மூன்று இழைகள் முறுகிய அந்தக் கயிற்றின் நடுவில் ஓர் ஐதரசனுக்கு மேல் இடமில்லை. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன். அப்படியான ஒரு கிளைசீன் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய பக்கச் சங்கிலியுள்ள வேறொன்று வந்தால், பிறக்கும்போதே எலும்பு நொறுங்குமளவுக்கு நோய் வரலாம்.